ஆறு பொட்டலம், ஒரு கல்யாணம்

நேரங்களை முதலில் எழுதிவிட்டால் மற்றவை தாமாக வரிசைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். கோலோனிலிருந்து புறப்பட்டது சனிக்கிழமை பகல் பன்னிரண்டே கால். கார் நின்றது ஒன்று பத்து. கல்யாணம் கார்தேனாஸில், மாலை நான்கு மணிக்கு.

கல்யாணம் எவெலியோ அண்ணனுக்கு. என் பெரியம்மா மகன், முப்பத்தேழு வயது, வாடகைக் கார் ஓட்டுகிறான். பெண் மிர்த்தா. அவள் ஏற்கெனவே ஏழு வருடம் இவனுடைய மனைவியாக இருந்தவள்தான். ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டால் அண்ணன் "ஒரு சின்ன மனத்தாங்கல்" என்பான். மிர்த்தா "கார்" என்பாள். இரண்டு வருடம் பேசாமல் இருந்து, ஒரு வருடம் பேசிச் சண்டை போட்டு, போன மாதம்தான் மறுபடி சம்மதித்தாள். பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அவள் சொன்ன நிபந்தனை எனக்கும் கேட்டது. அண்ணன் கருவியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தான், அவ்வளவு சத்தம்.

"நாலுன்னா நாலு. அந்தத் தகரத்தால மறுபடி லேட்டா வந்தே, அந்தத் தகரத்தையே கட்டிக்கோ. நான் படியிறங்கிப் போயிட்டே இருப்பேன்."

அந்தத் தகரத்தின் பெயர் சீமாட்டி. வானநீல நிறம். உடம்பு ஐம்பத்திரண்டாம் வருடத்தது. கதவுகள் இரண்டு வேறொரு காருடையவை, ஸ்டியரிங் ஒரு லாரியுடையது. எஞ்சின் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் பம்பு ஓட்டிக்கொண்டிருந்தது என்று விற்றவர் சொன்னாராம். செய்த கம்பெனியின் பெயர் இருந்த இடத்தில் ஏழு கோட் பெயிண்ட். ஆறு சிலிண்டர் என்பது மட்டும் எண்ணிப் பார்த்துத் தெரிந்தது.

நான் கல்யாணத்துக்குச் சாட்சி. அதனால் முன்சீட்டில் அண்ணனுடைய கோட்டு சூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டு காலியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சொந்தக் கல்யாணத்துக்குப் போகும் வழியிலும் கைகாட்டுகிற ஆளைப் பார்த்தால் அண்ணனுடைய கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. பெரிக்கோவில் நெரெய்தா அக்கா ஏறினாள், ஒரு கூடை நிறைய வறுத்த கடலைப் பொட்டலங்களோடு. கூம்பு கூம்பாகச் சுருட்டிய காகிதப் பொட்டலங்கள், கார்தேனாஸ் சந்தைக்கு. ஹொவெய்யானோஸில் ரிகோபெர்த்தோ ஏறினார், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார், மகளைப் பார்க்கப் போகிறவர்.

"இது என் தங்கச்சி யாரிமா" என்றான் அண்ணன் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து. "கார் எலக்ட்ரிக்ல இஞ்சினியர்."

"மாலை வகுப்பு. பேட்டரி வரைக்கும்தான் வந்திருக்கோம்" என்றேன். யார் காதிலும் விழவில்லை. உண்மையில் தீப்பொறிப் பாடம் அடுத்த மாதம்தான் தொடங்குகிறது.

ஹொவெய்யானோஸ் தாண்டியதும் ஒரு மழை. பத்து நிமிடம் கொட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல வெயில் அடித்தது. ரயில் பாலத்துக்கு அடியில் சாலை பள்ளமாக இறங்கும் இடத்தில் தண்ணீர் குளமாக நின்றது.

"மெதுவா போ ராசா" என்றாள் நெரெய்தா.

"மெதுவா போனா மாட்டிக்கும் அக்கா. வேகமா போனா தண்ணியே பயந்து விலகிடும்."

தண்ணீர் விலகவில்லை. எஞ்சினுக்கு முன்னால் சுழலும் விசிறி அதை அள்ளி எஞ்சின் முழுவதும் அடித்தது. சீமாட்டி மூன்று முறை தும்மினாள், பாலத்தின் மறுபக்கத்து மேட்டில் ஏறினாள், அங்கே சாலையோரம் நின்றுவிட்டாள். ஒன்று பத்து.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. பழைய வண்டிகளில் காயில் என்கிற மின்சுருளிலிருந்து வரும் மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறது. அது ஒரு கறுப்புக் கிண்ணம், மேலே ஒரு மூடி, மூடியில் ஆறு குழிகள். உள்ளே ஒரு முள் சுற்றிச்சுற்றி ஒவ்வொரு குழிக்கும் முறை வைத்து மின்சாரம் கொடுக்கும். ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு வயர் ஒரு சிலிண்டரின் பிளக்குக்குப் போகும்; அங்கே தீப்பொறி விழும். நனைந்தால் மின்சாரம் வழியில் எங்கெங்கோ குதித்துவிடும். துடைத்துக் காயவைத்தால் சரி.

"இஞ்சினியர், இறங்கு" என்றான் அண்ணன்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர். கல்யாணத்துக்கு வாங்கியிருந்த ரம் பாட்டிலைத் திறந்து ஒரு மூடி ஊற்றித் துடைத்தேன். ரம் சீக்கிரம் காயும்.

"குடிக்கிறதுக்கு இல்லாதவன் எத்தனை பேரு இருக்கான், இதை இரும்புக்கு ஊத்துறியே கண்ணு" என்றாள் நெரெய்தா.

"தரம் எப்படின்னு பாக்கணும்" என்று வாத்தியார் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். கண்ணால் மட்டும் பார்க்கவில்லை.

வயர்களும் பிளக் குழிகளும்கூட நனைந்திருந்தன. அதனால் ஆறு வயர்களையும் இரண்டு முனையிலும் கழற்ற வேண்டியிருந்தது. இங்கேதான் நான் கவனமாக இருந்தேன். முன் மட்கார்டில் ஒரு டவலை விரித்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பிடிக்கும் கொக்கிக்கு அருகில் இருக்கும் குழியில் தொடங்கி, ஒவ்வொரு வயராகக் கழற்றித் துடைத்து, வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு வயரின் காலடியிலும் அது எந்த சிலிண்டருக்குப் போகிறதோ அத்தனை கூழாங்கற்கள். மொத்தம் இருபத்தொரு கல். நோட்டில் எழுதியிருக்கலாம். கை முழுக்கக் கரி. நோட்டை அழுக்காக்க மனம் வரவில்லை.

அந்த நேரத்தில் வாத்தியாருக்கு வியர்த்தது. அவர் டவலை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

இருபத்தொரு கல்லும் சரளைச் சாலையில் உருண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆறு வயர்களும் காலடியில் பாம்புக் குட்டிகள் மாதிரிக் கிடந்தன.

"நல்ல டவல்" என்றார் வாத்தியார்.

வயர்களின் நீளத்தை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். ஆறும் ஒரே நீளம்.

"நான்தான் வெட்டினேன்" என்றான் அண்ணன். "பாக்க அழகா இருக்கணும்னு."

"அண்ணே, எது எங்கே போகும்னு ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு. வேற எப்படிப் போகும்? எண்ணத் தெரியாதவனா எஞ்சின் செஞ்சிருப்பான்?"

அப்படி இல்லை. சிலிண்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் வெடித்தால் எஞ்சின் முறுக்கிக்கொள்ளும். அதனால் தாண்டித் தாண்டித்தான் வெடிக்கும். அந்த வரிசை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். நான் கண்ணை மூடி நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒன்றுக்கு அடுத்து ஐந்து கல் வைத்த மாதிரி இருந்தது. நான்கு கல் வைத்த மாதிரியும் இருந்தது. இரண்டையும் தெளிவாகப் பார்க்க முடிந்தது, அதுதான் கொடுமை.

"ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு" என்றார் வாத்தியார், நெஞ்சு நிமிர்த்தி. "என் மச்சினன் காரு. இருபது வருஷம் அதுல போயிருக்கேன்."

"உங்க மச்சினன் ஐஸ் தொழிற்சாலையிலயா ஓட்டினாரு?" என்றாள் நெரெய்தா.

வாத்தியாரின் வரிசைப்படி மாட்டினோம். முள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றும் யாருக்கும் தெரியாது. இடப்பக்கம் என்று வைத்துக்கொண்டோம். அண்ணன் சாவியைத் திருகினான். சைலன்சரில் ஒரு வேட்டு வெடித்தது. வேலியில் இருந்த கோழிகள் எல்லாம் அடுத்த பண்ணைக்குக் குடிபெயர்ந்தன. எஞ்சின் கிளம்பவில்லை. மணி இரண்டு. சாலையில் ஒரு வண்டியும் வரவில்லை.

அண்ணன் கீழே இறங்கி, சீமாட்டியின் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். "அவ போயிடுவா யாரிமா. சொன்னா செய்வா. போன தடவை சொன்னா, செஞ்சா."

அவன் அப்படி மெல்லிய குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. அதனால்தான், உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொன்னேன்.

"எஞ்சினையே கேக்கலாம்."

யோசனை இதுதான். ஒரு சிலிண்டரின் முறை வரும்போது பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை அழுத்தும். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் காகிதத்தை அடைத்துவைத்தால், முறை வரும்போது காகிதம் பறக்கும். எது எதற்குப் பின் பறக்கிறதோ, அதுதான் வரிசை. ஸ்டார்ட்டரில் சுற்றினால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறந்துவிடும். வண்டியை கியரில் போட்டு மெதுவாக இழுத்தால் எஞ்சினும் மெதுவாகச் சுற்றும்.

"மெதுவான்னா?"

"ரொம்ப மெதுவா."

அப்போதுதான் ஃபெர்மின் என்ற விவசாயி தன் மாடுகளோடு வந்தார். இதை நான் ஜோடிக்கவில்லை. அந்தச் சாலையில் அந்த நேரத்தில் வருவது மாடு மட்டும்தான். லூசேரோ, மரினேரோ என்று இரண்டு காளைகள், நுகத்தடி, பின்னால் ஒரு சங்கிலி.

"எவ்வளவு தூரம் இழுக்கணும்?" என்று கேட்டார்.

"ஒரு முழம்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருஷமா மாடு வெச்சிருக்கேன் தாயி. ஒரு முழத்துக்கு யாரும் கூப்பிட்டதில்ல."

காகிதத்துக்கு நெரெய்தாவின் பொட்டலங்கள்தான் இருந்தன. அவள் ஆறு எடுத்தாள். ஆனால் கடலையைத் தரையில் கொட்ட மறுத்துவிட்டாள். "தின்னுட்டு எடுத்துக்கோங்க. என் கடலை ரோட்டுல விழுந்ததா பேரு வரக்கூடாது." ஆகவே மிக அவசரமான அந்த நேரத்தில் நாங்கள் ஐந்து பேரும் வரிசையாக நின்று கடலை தின்றோம். ஆறாவது பொட்டலம் மாடுகளுக்குப் போனது.

பிளக்குகளைக் கழற்றி, காகிதங்களைக் கசக்கி ஓட்டைகளில் அடைத்தேன். அண்ணன் பெரிய கியரில் போட்டு உட்கார்ந்தான். பானெட் திறந்திருந்ததால் அவனுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை; தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டான். ஃபெர்மின் "ஹேய்" என்றார். மாடுகள் ஓர் அடி வைத்தன. டப் டப் டப் என்று காகிதங்கள் பறந்தன.

"எது முதல்ல?" என்று கத்தினேன்.

"மூணு" என்றார் வாத்தியார்.

"ஒண்ணு" என்றாள் நெரெய்தா.

நான் ஆறு என்று நினைத்திருந்தேன்.

மறுபடி அடைத்தோம். மறுபடி ஓர் அடி. மறுபடி டப் டப் டப், மறுபடி மூன்று பதில். ஆறு ஓட்டையையும் ஒருவர் பார்ப்பது முடியாத காரியம். நான் எல்லாவற்றையும் பார்க்க முயன்று எதையும் பார்க்காமல் இருந்தேன். இதுதான் என் வழக்கமான தவறு என்று தோன்றியது.

நெரெய்தா இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏம்மா, நீ ரேஷன் கடைக்கே போனதில்லையா? வரிசையை யாராச்சும் முழுசா பாப்பாங்களா? எனக்கு முன்னாடி யாருன்னு நான் பாத்துக்குவேன், உனக்கு முன்னாடி யாருன்னு நீ பாத்துக்கோ. முடிஞ்சுது கதை."

எங்கள் ஊரில் கடை முன்னால் யாரும் நேர்கோட்டில் நிற்பதில்லை. வருகிறவர் "கடைசி யாரு?" என்று கேட்பார். ஒருவர் கை தூக்குவார். அவரை நினைவில் வைத்துக்கொண்டு மரத்தடியிலோ திண்டிலோ எங்கேயோ போய் உட்கார்ந்துவிடலாம். இருநூறு பேர் தெரு முழுக்கச் சிதறிக் கிடந்தாலும் வரிசை குலையாது. இருபத்திரண்டு வருடமாக நான் செய்வதுதான். அது எஞ்சினுக்கும் பொருந்தும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

"நாம மூணு பேரு, ஓட்டை ஆறு" என்றார் வாத்தியார்.

"ஆளுக்கு ரெண்டு. பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேத்து இடம் போடுறதில்லையா? நான் ஒண்ணு, என் தங்கச்சி ரெண்டு. வாத்தியாரே, நீங்க மூணு, உங்க மாமியா நாலு."

"என் மாமியாவை ஏன் இழுக்குறே?"

"எஞ்சின்ல சேத்தாதான் அடங்குவாங்க."

ஐந்தும் ஆறும் எனக்கு. ஓட்டைகளுக்கு மேல் குனிந்துகொண்டோம். ஃபெர்மின் மாடுகளிடம் ஏதோ ரகசியம் சொன்னார். அவை ஓர் அடி வைத்தன, நின்றன, இன்னும் ஓர் அடி வைத்தன. டப், டப் என்று காகிதம் பறக்கப் பறக்க எங்கள் மூவர் வாயிலிருந்தும் கூச்சல். வாத்தியார் மூக்கில் ஒன்று பட்டது.

"சொல்லுங்க" என்றேன். "நாலுக்கு முன்னாடி யாரு?"

"மாமியாவுக்கு முன்னாடி ஒண்ணு. நல்லாப் பாத்தேன்" என்றார் வாத்தியார்.

"ரெண்டுக்கு முன்னாடி?"

"என் தங்கச்சிக்கு முன்னாடி இவரு மாமியா. இடிச்சுக்கிட்டுப் போனா."

என் ஆறுக்கு முன்னால் இரண்டு. வாத்தியாருடைய மூன்றுக்கு முன்னால் என் ஆறு. என் ஐந்துக்கு முன்னால் அந்த மூன்று.

"உங்க ஒண்ணுக்கு முன்னாடி யாரு அக்கா?"

"யாரும் இல்ல, நான்தான் முதல் ஆளு."

"இந்த வரிசையில முதல் ஆளே கிடையாது அக்கா, சுத்திக்கிட்டே இருக்கும்."

"அப்ப கடைக்காரனே இல்லாத வரிசையா? இது நம்ம ஊரு எஞ்சின்தான்."

இன்னும் ஒரு முறை இழுக்கச் சொல்லிப் பார்த்தோம். ஒன்றுக்கு முன்னால் ஐந்து. வளையம் மூடிவிட்டது. ஒன்று, நான்கு, இரண்டு, ஆறு, மூன்று, ஐந்து. வாத்தியாரின் மச்சினன் வரிசை இல்லை. அண்ணன் வரிசையும் இல்லை. இந்த முறை அழுக்கைப் பார்க்காமல் நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தில் இப்போது பாதி எழுத்தும் பாதி கிரீசுமாக இருக்கிறது.

நெரெய்தா என்னை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். ஃபெர்மின் இறுதியாக ஒரு முறை, ஒன்றாம் காகிதம் பறந்ததும் நிற்கும்படி மாடுகளை நடத்தினார். டிஸ்ட்ரிபியூட்டரில் முள் எங்கே காட்டுகிறது என்று பார்த்தேன்: கொக்கிக்குப் பக்கத்துக் குழி. முள் சுற்றுவது இடப்பக்கமாகத்தான். அந்தக் குழியில் ஒன்றாம் வயரை மாட்டி, இடப்பக்கமாக மற்றதை வரிசைப்படி மாட்டினேன். பிளக்குகளை முடுக்கினேன். மூன்று மணி. கார்தேனாஸ் இருபத்தைந்து கிலோமீட்டர். நேரம் இருந்தது.

அண்ணன் சாவியைத் திருகினான்.

கார்புரேட்டர் வழியாக நெருப்பு ஒன்று பானெட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. எஞ்சின் ஒரு உதை உதைத்துப் பின்னோக்கித் திமிறி நின்றது. அண்ணன் மறுபடி திருகினான், மறுபடி திருகினான். ஸ்டார்ட்டர் முனகி, முனகி, அடங்கியது. பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்த ஒரு பாடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து மோதிரப் பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்து மூடினான். "வாத்தியாரு வரிசையையே போடலாமா?" என்றான்.

"மாட்டைக் கொட்டிலுக்கு ஓட்டணும்" என்றார் ஃபெர்மின், மெதுவாக.

நான் மட்கார்டில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தேன். வரிசை தவறா? மூன்று பேர், இரண்டு முறை சரிபார்த்தது. சுற்றும் பக்கம் தவறா? கண்ணால் பார்த்தது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: முள் எங்கே காட்டியது என்பது. காகிதம் பறந்த நொடியில் அது காட்டிய இடம். காகிதம் எப்போது பறக்கிறது? பிஸ்டன் உச்சிக்கு வந்தபோதா? கடலைப் பொட்டலத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? பிஸ்டன் ஏறத் தொடங்கிக் கொஞ்சம் அழுத்தியதுமே பறந்துவிடும். தீப்பொறி வர வேண்டியது அதற்கும் பிறகு, உச்சியில். அதற்குள் முள் அடுத்த குழிக்கு நகர்ந்திருக்கும். வரிசை சரி, ஆனால் எல்லாரையும் நான் ஒரு நாற்காலி முன்னதாக உட்காரவைத்துவிட்டேன்.

இது சரியாக இருக்கலாம். தவறாகவும் இருக்கலாம். அடுத்த மாதம் பாடம் படித்திருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன்.

"அண்ணே, ஆறு வயரையும் ஒரு குழி இடப்பக்கம் தள்ளப்போறேன்."

"சரியா வருமா?"

"தெரியல. தப்புன்னா இன்னொரு தடவை முயற்சி பண்ண நேரமில்ல."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு ஃபெர்மினைப் பார்த்தான். "ஐயா, இன்னும் ஒரு முழம்?"

"ஒரு முழமா, நூறு முழமா?"

"இப்போ நூறு."

வயர்களைத் தள்ளி மாட்டினேன். இந்த முறை சின்ன கியர், சாவி திறந்து, கிளட்ச் மிதித்தபடி. மாடுகள் இழுத்தன. வண்டி நகர்ந்ததும் அண்ணன் கிளட்சை விட்டான். பின் சக்கரங்கள் ஒரு முறை வழுக்கின. சீமாட்டி இருமினாள். பிறகு அப்படியே, ஆறு சிலிண்டரும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்ததுபோல, உறுமினாள்.

முன்னால் மாடு கட்டியிருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை. லூசேரோவும் மரினேரோவும் வாழ்க்கையில் முதல் முறையாக ஓடின. பின்னால் சீமாட்டி, சீமாட்டிக்குப் பின்னால் ஃபெர்மின், அவருக்குப் பின்னால் கூடையோடு நெரெய்தா, ரம் பாட்டிலோடு வாத்தியார், ஸ்பானரோடு நான். "பிரேக்கு! பிரேக்கு!" என்று ஃபெர்மின் கத்தினார். "நிறுத்தினா செத்துடுவா!" என்று அண்ணன் கத்தினான். கடைசியில் கிளட்சை மிதித்து, எஞ்சினை அணையவிடாமல் உறுமவைத்து, ஒரு வழியாக வண்டி நின்றது. சங்கிலியைக் கழற்றினோம். ஃபெர்மின் பணம் வாங்க மறுத்து, மூன்று பொட்டலம் வாங்கிக்கொண்டார். "மாடு ரெண்டும் இனிமே சும்மா நடக்காது" என்று குற்றம் சாட்டினார், சிரித்துக்கொண்டே.

மூன்று இருபத்தைந்து. பேட்டரி செத்துக் கிடந்தது, எஞ்சின் நின்றால் திரும்பக் கிளப்ப வழியில்லை. சாலையில் நான்கு பேர் கைகாட்டினார்கள். அண்ணன் ஒருவருக்கும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் கால் துடித்ததை நான் பார்த்தேன்.

கார்தேனாஸில் குதிரை வண்டிகளுக்கு இடையில் நெளிந்து, திருமண மாளிகை முன் வந்து நின்றபோது மூன்று ஐம்பத்தெட்டு.

மிர்த்தா படியில் நின்றாள். வெள்ளை உடுப்பு, கையில் கடிகாரம். அண்ணன் நெற்றியில் கரி, சட்டையில் கரி, கோட்டு மட்டும் சுத்தம். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, உடனே போனது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அணை" என்றாள்.

"மிர்த்தா, செல்லம், நின்னா மறுபடி கிளம்பாது. யாரிமா ஆக்சிலேட்டர்ல கால் வெச்சிட்டு இருப்பா, நாம ரெண்டு நிமிஷத்துல..."

"அவ சாட்சி. உள்ள வந்து கையெழுத்துப் போடணும்."

"நான் மிதிக்கிறேன்" என்றாள் நெரெய்தா.

"எனக்கும் மிதிக்கத் தெரியும்" என்றார் வாத்தியார்.

மிர்த்தா அவர்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. "முதல் கல்யாணத்துல இது வாசல்ல ஓடிட்டே இருந்துச்சு. நான் 'சம்மதம்'னு சொன்னப்போ உன் காது ஜன்னல்ல இருந்துச்சு எவெலியோ. ஏழு வருஷமும் அங்கேயேதான் இருந்துச்சு. இன்னிக்கு இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "யாரிமா, நிறுத்தினா திரும்பக் கிளம்புமா?"

பொய் சொல்ல நினைத்தேன். "தெரியாது அண்ணே" என்றேன்.

அவன் ஸ்டியரிங்கை ஒரு முறை தடவினான். சாவியைத் திருப்பி, வெளியே உருவி, மிர்த்தாவின் முன் நீட்டினான்.

எஞ்சின் நிற்கவில்லை.

கக், கக், கக் என்று, சாவியில்லாமல், மின்சாரமில்லாமல், சும்மா தன்பாட்டுக்கு ஓடியது. வண்டி முழுவதும் சிரிப்பை அடக்குகிறவள் மாதிரி குலுங்கியது.

"ஏமாத்துறியா?" என்றாள் மிர்த்தா.

"சத்தியமா அணைச்சிட்டேன்! இதோ சாவி! யாரிமா, சொல்லேன்!"

"சூடு ஏறிப்போச்சு" என்றேன். "உள்ள கரி தணலா இருக்கு. தீப்பொறி இல்லாமலே பெட்ரோல் பத்திக்குது." அது எந்த மாதப் பாடம் என்று எனக்குத் தெரியாது.

"சாவிக்கே அடங்கலையே, பொண்டாட்டிக்கா அடங்கப்போகுது" என்றாள் நெரெய்தா.

மிர்த்தாவின் உதடு கோணியது. அண்ணன் பாய்ந்து உள்ளே உட்கார்ந்து, பெரிய கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை ஒரேயடியாக விட்டான். சீமாட்டி ஒரு துள்ளு துள்ளி, ஒரு பெருமூச்சு விட்டு, நின்றாள். தெருவே அமைதியானது. அந்த அமைதியில் மிர்த்தா படியில் அப்படியே உட்கார்ந்து, வெள்ளை உடுப்பைப் பற்றிக் கவலைப்படாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு கையை நீட்டினாள், தூக்கிவிடச் சொல்லி. அண்ணன் தூக்கினான். வெள்ளைக் கையுறையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

உள்ளே பதிவாளர் அம்மாள் நான்கு மணிக் கல்யாணத்தை நான்கு மூன்றுக்குத் தொடங்கினாள். வாக்கியங்களை வாசித்தாள். "சம்மதமா?" என்று கேட்டபோது அண்ணன் கண் மிர்த்தாவை விட்டு அசையவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. வெளியே ஒரு குதிரை கனைத்தது, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட என் முறை வந்தது. கையைத் துடைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன் என்று நினைத்தேன். போதுமான அளவு துடைக்கவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில், பதிவேட்டின் நடுப்பக்கத்தில், கட்டைவிரல் முழுசாகப் பதிந்திருந்தது.

"இது அரசாங்கப் பதிவேடு!" என்றாள் பதிவாளர் அம்மாள். ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். கறை இரண்டு மடங்கானது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அது அண்ணன் பெயரையும் மிர்த்தா பெயரையும் சேர்த்துத் தழுவிக்கொண்டது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னதான் பூசியிருக்கீங்க? இதை அழிக்கவே முடியாதே."

"அப்ப விட்டுடுங்க அம்மா" என்றாள் மிர்த்தா.